கழற்றும் வரிசை

அணிவது எளிது.
கழற்றும்போதுதான் ஒட்டிக்கொள்ளும் என்று
முதல் வாரமே நோட்டில் எழுதிவைத்தேன், சிவப்பு மையில்.
எழுதியது கைக்குத் தெரியவில்லை.

ராஸ் அல் கைமாவில் ஆகஸ்டு.
பேருந்திலிருந்து வாசல்வரை ஓடும் நாற்பதடியில்
மூக்குக்கண்ணாடி வியர்த்துவிடும்.
ஆய்வுக்கூடத்திலோ மார்கழி.
பிளாஸ்டிக் மனிதர்கள் ஆறு பேர்
போர்வையில்லாமல் கிடக்கிறார்கள், சளி பிடிக்காமல்.

முதலில் முகக்கவசப் பொருத்தம்.
தலைமேல் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்து
உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சினார் ரோவெனா மேடம்.
"பேசிக்கொண்டே இரு. எதையாவது."
எனக்கு வாய்த்தது பதினேழாம் வாய்ப்பாடு.
ஆறு பதினேழு நூற்றிரண்டில்
நாக்கில் வந்திறங்கியது வேப்பங்காய்.
கன்னத்தோரம் மயிரிழை ஓட்டை.
"உனக்குச் சின்ன அளவு" என்றார்.
அம்மாவிடம் சொன்னால்
சரியாகச் சாப்பிடாததுதான் என்பாள்.

பிறகு அந்த மாவு.
கண்ணுக்குத் தெரியாத மாவு. கையுறைமேல் தடவி
இதுதான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.
இப்போது கழற்றுங்கள்.

கையுறையின் வெளிப்புறத்தைக் கையுறையால் பற்றி ஒன்று,
மணிக்கட்டுக்குள் விரல் நுழைத்து மற்றொன்று.
மேலங்கியைத் தோளிலிருந்து உரித்து
உள்வெளியாய்ச் சுருட்டி,
வடியும் மீன் பொட்டலம்போல
உடம்புக்குத் தள்ளியே பிடித்துக் குப்பையில்.

விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள்.
ஹெஸ்ஸாவின் முழங்கையில் ஒரு புள்ளி. சிரித்தாள்.
ஷேலாவின் ஓரத்திலும் ஒன்று. சிரிப்பு நின்றது.
நான் சுத்தம் என்றே நின்றேன்.
"ஜெபசீலி, கழுத்து."

தொண்டைக்குழியில்
பெருவிரல் அகலத்துக்குப் பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது.

என் கை எப்போது அங்கே போனது?
சங்கிலியைக் காலையிலேயே கழற்றிப்
பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன்.
இல்லாத சிலுவையைத் தேடி ஒரு கை
எனக்குச் சொல்லாமல் போய் வந்திருக்கிறது.

ஜனவரியில் வார்டு.
பதினொன்றாம் அறைக் கதவில் இரண்டு அட்டைகள்:
காற்றுவழி, தொடுவழி.
உள்ளே சேவுகன். கோர் குவைர் பக்கம்
கல்குவாரியில் லோடர் ஓட்டியவர்.
நெஞ்சில் காசம். கழுத்தில் கட்டி உடைந்து கசிகிறது.

மேலங்கியின் மார்பில் மார்க்கரால்
என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன்.
எழுத்துக் கூட்டினார். "செப... சீலி. வேதக்காரப் பேரு."
ஆமாம் என்றேன்.
கவசத்துக்குள்ளிருந்து அது
அண்டாவுக்குள் பேசியதுபோல் கேட்டது.

நாலு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"பத்தொம்பது நாளா கண்ணா வருது, கண்ணா போகுது.
ஒரே ஒரு மூஞ்சி பாத்துக்கிறேன் தாயி."

காரணம் சொன்னேன்.
பரீட்சையில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய காரணம்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஏசியை வெறுமனே ஒரு முறை பார்த்தேன்.

கையுறை. கண் தடுப்பு. மேலங்கி. கையில் மருந்து.
வெளியே வந்து, கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகே கவசம்.
முன்பக்கத்தைத் தொடாமல்,
கீழ்ப்பட்டை முதலில், அப்புறம் மேல்பட்டை.
விதிப்படி முகம்தான் கடைசி,
அதுவும் கதவுக்கு இந்தப் பக்கம்.

கைகழுவிவிட்டு, யாரையும் கேட்காமல்,
கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு நேரே போய் நின்றேன்.
மூக்குத்தண்டில் பள்ளம். கன்னத்தில் இரண்டு வரி.
நெற்றியில் ஒட்டிய மயிர்.
இன்னும் கொஞ்சம் நல்ல முகமாய் இருந்திருக்கலாம்.

திரும்பினார். பார்த்தார். ஏதோ சொன்னார்.
அந்தக் கதவு சத்தத்தையும் விடாது.
உதடு இரண்டு தடவை அசைந்தது.
"சாப்டியா" என்று இருக்கலாம்.
"மூக்கு" என்றும் இருக்கலாம்.

கழுத்தை நோக்கி
என் கை ஏறிக்கொண்டிருந்தது.
மார்புக்கு நேரே வரும்போது பார்த்துவிட்டேன்.
கீழே இறக்கவில்லை.
அப்படியே அவருக்கு ஆட்டினேன்.